முத்தலிப் காக்காவின் புயல் கொப்பி

எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலில் எங்கள் ஊர் பாலமுனையில் பாதிக் கூரைகள் பறந்தபின், அடுத்த புயலைச் சமாளிக்க ஊரில் ஒரு குழு போட்டார்கள். செயலாளர், எங்களுக்கெல்லாம் அண்ணன் முறையான முத்தலிப் காக்கா. கொப்பியும் பேனையும் கைக்கு வந்துவிட்டால் மனுசனைப் பிடிக்க முடியாது. கடற்கரையோரத்து நாற்பத்தொரு வீட்டுக்கும் நடந்து நடந்து எழுதினார். யார் எந்த ஒழுங்கையால் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவது, நோயாளிகளை யார் தூக்குவது, எல்லாம் அதில் இருந்தது. ஆடுகளுக்குக்கூடத் தனிப் பக்கம்.

மூன்றாம் வருடம் மார்கழியில் வானொலி எச்சரித்தது. அஸர் தொழுகைக்கு முன்பே சனமெல்லாம் பள்ளிக்கூடத்தில். குறை சொல்லக் கூடாது, நன்றாகத்தான் நடத்தினார். கொப்பியைப் பார்த்து வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டார். எல்லா வீட்டிலிருந்தும் பதில் வந்தது.

"ஒரு ஆளும் குறையல்ல!" என்று மேசையில் தட்டினார்.

வெளியே புயல் அடிக்கத் தொடங்கியது. பிறகு சோறு வந்தது. நமக்குப் புயலென்ன, கல்யாணமென்ன, சோறென்றால் சஹன்தான். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். ஆறாவது ஆள் குந்தாமல் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். காக்காவின் வேலியை அடுத்த வீட்டுப் பெண்கள் ஐந்து பேர் ஒரு சஹனைச் சுற்றிச் சும்மா இருந்தார்கள்.

"காக்கா, இஞ்ச ஒரு ஆள் குறையிது," என்றாள் பாத்தும்மா.

"குறையாது. கொப்பி சரி. நீங்க தின்னுங்க."

"ஒங்கட பொஞ்சாதி எங்க காக்கா?"

கொப்பியில் நாற்பத்தொரு வீடும் இருந்தன. எழுதியவரின் வீடு இல்லை.

கொப்பியை எறிந்துவிட்டு ஓடினார். நாங்கள் நாலு பேர் பின்னால் ஓடினோம். அவர் வீட்டுக் குசினி அடுப்போடு சரிந்து கிடந்தது. முழங்காலளவு தண்ணீரில், வாசல் நிலையைப் பிடித்தபடி றாஹிலா நின்றாள்.

"ஏன் புள்ள வரல்ல?" என்றார் காக்கா.

"நீங்கதானே சொன்னீங்க, நான் வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் அசையாத எண்டு."

அவர் கொப்பியில் எழுதாமல் கொடுத்த ஒரே உத்தரவு அது. ஊரிலேயே அவர் பேச்சை ஒரு சொல் பிசகாமல் கேட்டவளும் அவள்தான். அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் வழியெல்லாம் அழுதார். மழைத் தண்ணீர் என்று நினைத்தோம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

சோறு ஆறியிருந்தது. ஐந்து பேரும் இன்னும் கை வைக்கவில்லை. றாஹிலா முக்காட்டைப் பிழிந்துவிட்டு ஆறாவதாகக் குந்தினாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"இண்டைக்கு இவர ஒரு சஹன்லயும் சேர்க்காதீங்க."

நாங்கள் சேர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.