மணமேல்குடியில் ஒரு தை அமாவாசை

கடலைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் நான் கிளம்பினேன். எதற்காகப் போகிறோம் என்பது நன்றாகத் தெரிந்தும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அன்னவாசலில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் கண்மாயும் ஊருணியும்தான். கல்யாண வயது வந்தும் கடலைக் கண்ணால் கண்டதில்லை. ஆசை இருக்காதா?

வேலை அக்காளுடையது. அவள் வீட்டுக்காரர் கல்யாணமான மறுவருஷமே மலேயாவுக்குக் கப்பலேறினார். ஜப்பான்காரன் அந்த நாட்டைப் பிடித்தபிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இங்கே அவருடைய தம்பி மனைவிக்குக் கரு தங்கவில்லை. ஜோசியர் சோழியை உருட்டிப் பார்த்தார். மூத்தவன் செத்துப்போய்த் தண்ணீருக்குத் தவிக்கிறான், தை அமாவாசைக்குக் கடலில் பிண்டம் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். மலேயாவில் நடப்பது அரசாங்கத்துக்கே தெரியவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது! பிண்டம் போட்டால் மாமா செத்தவர்தான். அக்காள் அந்தக் கரையிலேயே தாலியைக் கழற்ற வேண்டும். அவள் மாமியாரின் மூட்டைக்குள் வெள்ளைச் சேலை மடித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். அக்காளும் பார்த்தாள்.

அக்காள், நான் அத்தை என்று கூப்பிடும் அவள் மாமியார், கொழுந்தன், நான் என்று நாலு பேர். அறந்தாங்கி வரைக்கும் கரி பஸ்; பெட்ரோல் கிடைக்காத யுத்த காலம், அடுப்புக்கரியில்தான் பஸ் ஓடியது. சின்ன மேட்டைக் கண்டாலும் அது நின்றுவிடும், எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். அங்கிருந்து மாட்டுவண்டி. வழியெல்லாம் அத்தை தன் மகன் பேரைச் சொல்லி மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். அக்காள் ஒரு சொட்டு அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று அத்தை நினைத்திருப்பாள்; நானும் கொஞ்சம் நினைத்தேன்.

மணமேல்குடி அந்தக் காலத்தில் பேர் பெற்ற ஊர். தீர்த்தமாட வருகிறவர்கள் ஒரு பக்கம், உடம்பு தேற உப்புக்காற்று வாங்க வருகிற பெரிய வீட்டுக்காரர்கள் ஒரு பக்கம். ராஜாக்கள் காலத்துச் சத்திரத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. காரை உதிர்ந்த தூண்களுக்கு நடுவே காற்று சும்மா வந்து போய்க்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் உட்கார்ந்தால் கண் தானாகச் சொக்கும்.

சாயங்காலம் கடலைப் பார்த்தேன். ஆளுயர அலை அடிக்கும் என்று ஊரில் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். இங்கே அலையே இல்லை. விரித்துப் போட்ட பட்டுச்சேலை போலக் கிடந்தது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. தூரத்தில் ஒரு படகு வானத்திலேயே நிற்பதாகத் தோன்றியது. அக்காள் எனக்குப் பின்னால், கருவாடு காயப்போட்டிருந்த ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். ‘இது பெண்கடலு, சத்தம் போடாது’ என்று அந்தப் பெண் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. மற்றதை நான் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு என் கண் மட்டும்தான் வேலை செய்தது.

மறுநாள் விடிந்தபோது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது. காரியம் செய்துவைக்க வந்த அய்யர் எங்களைச் சீக்கிரம் குளித்துவிட்டு வரச் சொன்னார். நாங்கள் முங்கிவிட்டுக் கரையேறினோம். அக்காள் ஏறவில்லை. அவள் பாட்டுக்கு உள்ளே நடந்துகொண்டிருந்தாள். எவ்வளவு தூரம் போனாலும் தண்ணீர் அவள் முழங்காலைத் தாண்டவில்லை. மற்றக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காரியத்தை முடித்துக்கொண்டு போயின. அத்தை கத்தினாள், கொழுந்தன் கத்தினார். அவள் திரும்பவில்லை. வெளிச்சத்துக்குள் ஒரு சிவப்புப் புள்ளியாக நின்றாள். எனக்குப் பயமே வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். அவள் அப்படியே மலேயா வரைக்கும் நடந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு மயங்கி நின்றேன்.

வெயில் ஏறிய பிறகுதான் வந்தாள். “மன்னிச்சுக்கங்க அத்தை, கடைசியாத் தாலியோட குளிக்கிறேன், கெளம்ப மனசு வரல” என்றாள். அதற்குமேல் யார் திட்டுவது?

அய்யர் பசியில் மந்திரத்தை விழுங்கி விழுங்கிச் சொன்னார். கொழுந்தன் எள்ளும் பிண்டமும் வைத்த வாழையிலையைத் தண்ணீரில் விட்டார். அய்யர் தட்சணையை மடியில் செருகிக்கொண்டு சத்திரத்துச் சாப்பாட்டுக்குப் பறந்துவிட்டார். அத்தை மூட்டையை அவிழ்த்தாள்.

அப்போது இலை திரும்பி வந்தது. கொழுந்தன் தள்ளிவிட்டார், மறுபடியும் வந்து அவர் காலில் ஒட்டிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீருக்குப் போய் இலையை விட்டார், அங்கிருந்தும் வந்தது. எங்கள் கண்மாய் மழைக்கு நிறையும், வெயிலுக்கு வற்றும். ஒரே நாளில் இறங்கி ஏறுகிற தண்ணீரை எங்களில் யார் கண்டது?

கொழுந்தன் இலையை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவந்தார். “ஆத்தா, அண்ணன் வாங்க மாட்டேங்குறாக! அவுக இருக்காக ஆத்தா!” என்று கத்தினார். அத்தை மணலில் விழுந்து கடலைக் கும்பிட்டாள். வெள்ளைச் சேலையைச் சுருட்டி, அங்கே பிச்சைக்கு உட்கார்ந்திருந்த கிழவியிடம் எறிந்துவிட்டாள்.

திரும்பும்போது மணலில் வண்டி பாரமென்று நானும் அக்காளும் கொஞ்ச தூரம் பின்னால் நடந்து வந்தோம். அவளாகத்தான் சொன்னாள்.

“காலையில தண்ணி வத்தும், வெயில் ஏறுனா தண்ணியும் ஏறும், போட்டதெல்லாம் கரைக்கு வந்துரும்னு அந்தக் கருவாட்டுக்காரம்மா சொல்லுச்சுடி.”

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். “அப்ப மாமா இருக்காகளா, இல்லையா?”

“எனக்கென்ன தெரியும்? அவுக மொகமே சரியா நெனப்புல இல்ல. அந்தச் சேலையக் கட்ட எனக்கு மனசு வரல. அம்புட்டுத்தான்.”

எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அறந்தாங்கிக் கடைத்தெருவில் அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னாள். அந்த வயதில் அவ்வளவு வேகமாக அவள் இறங்கி நான் பார்த்ததில்லை. கதம்பம் வாங்கி வந்து, அக்காளைத் தன் பக்கம் திருப்பி உட்காரவைத்து, உப்பு ஏறிக் கிடந்த தலைமுடியை விரலால் கோதிவிட்டுத் தன் கையாலேயே பூவை வைத்தாள்.

“எம்மவன் வந்துருவான் தாயி. இனி நான் நிம்மதியாத் தூங்குவேன்” என்றாள்.

அக்காள் அப்போதுதான் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எண்ணி, அத்தை அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.