மைக் வைத்துப் பார்த்து வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

தாராவியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் தொடங்கியபோது, என் பங்குக்கு வந்தது கனத்த கீழ்ச் சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார். அதற்கு மலிவாக ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்க மாட்டுங்காவில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் ஒரு பழைய பெட்டியைக் காட்டினார். "இது பேச்சுக்கும் பாட்டுக்கும் செஞ்சது தம்பி. உங்க கிட்டாரைக் கொண்டாந்து வாசிச்சுப் பாத்துட்டு எடுங்க."

கடையில் கோவாக்கார வாத்தியக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் அரைகுறை வாசிப்பை அவர்கள் முன்னால் காட்டக் கூச்சம். கோயில் திருவிழாவில் செய்வதுபோல் கடையிலிருந்த மைக்கை அதில் சொருகி, "ஹலோ, ஹலோ" என்றேன். கடையே அதிர்ந்தது. இது போதும் என்று தூக்கி வந்துவிட்டேன்.

செம்பூரில் ஒரு கல்யாண வரவேற்புதான் எங்கள் முதல் கச்சேரி. இரண்டாவது பாட்டில் தடித்த கம்பியை அழுத்தி மீட்டியதும், பேச்சுக்குச் செய்த அந்தப் பெட்டியின் ஸ்பீக்கர் அதிர்வைத் தாங்காமல் கிழிந்து கரகரத்தது. யாரும் திரும்பிப் பார்க்குமுன் வால்யூமை முழுக்கக் குறைத்தேன். மேடையைவிட்டு இறங்கத் தைரியமில்லை. கடைசிப் பாட்டு வரை சத்தமில்லாத கம்பிகளில் விரலை ஓட்டிக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் எங்கள் பாடகன் செல்வராஜ் என் தோளில் கைபோட்டான். "ஏல, இன்னைக்கு நல்லா வாசிச்ச. இதே மாதிரி வாசி, போதும்."

அவன் கிண்டல் செய்யவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நடந்ததை நான் அவனிடம் சொல்லவே இல்லை. ஸ்பீக்கரை மாற்றவும் போகவில்லை. பக்கத்தில் நின்று பாடியவனுக்கே நான் வாசிக்காதது தெரியவில்லை என்றால், மாற்றி யாருக்குக் கேட்கப்போகிறது?