ஸ்பேனர் மேல் ஏறிய அம்மா

அருப்புக்கோட்டைக் கடையில் நட்டு இறுக்கும் டார்க் ரெஞ்சு கேட்டேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்து, கனமானதைக் காட்டினார். "இத எடுங்கக்கா, ஏமாத்தாது. அளவ வச்சுட்டா, நட்டு இறுகுனதும் டக்குனு சத்தம் குடுக்கும். தொணைக்கு ஆளே வேணாம்."

நான் ஒருத்தி மட்டும் இருக்கும் வீட்டு வாசலில், காரின் சக்கர நட்டை இறுக்கினேன். டக்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது திருச்சுழியில் அப்பா பருத்தி லோடு ஏற்றும் வேன் வைத்திருந்தார். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது, ஸ்பேனரை நட்டில் பொருத்திவிட்டு அடுப்படிப் பக்கம் குரல் கொடுப்பார். "இந்தா, வந்து ஏறு."

புளி கரைத்த கையோடு அம்மா வந்து ஸ்பேனர் கம்பி மேல் ஏறி நிற்பாள். அவள் கனத்தில்தான் நட்டு இறுகும்.

"விழுந்துருவேங்க."

"தோளப் புடிச்சுக்க."

பிள்ளைகள் எங்கள் முன்னால் அவர்கள் தொட்டுக்கொண்டது அப்போது மட்டும்தான். நட்டு எப்போதோ இறுகியிருக்கும். அம்மா இறங்கமாட்டாள். அப்பாவும் இறங்கச் சொல்லமாட்டார்.

அப்படி இறுகியதை வழியில் பஞ்சரானால் கழற்றவும் அம்மா ஏறி நிற்கவேண்டும். அதனால் லோடு எங்கே போனாலும் அம்மாவும் போவாள். அம்மா இறந்தபின் அப்பா அந்த வேனை எடுக்கவேயில்லை.

கடைசி நட்டும் டக் என்றது. கடைக்காரர் சொன்னது சரிதான். துணைக்கு ஆள் தேவைப்படவேயில்லை.