திரும்பிப் பார்த்த ஸ்டாப்பர்

ஆட்டத்தின் நடுவில் கழுத்தைத் திருப்பி, கோட்டுக்கு வெளியே நிற்கும் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு மறுபடி பந்தின் பக்கம் திரும்புவான். அந்த முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. நான் மேனேஜராக இருந்த காலத்தில் என் கீழ் எத்தனையோ பேர் விளையாடியிருக்கிறார்கள். நான் கத்துவது பிடிக்காமல் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஓடியவர்கள்தான் அதிகம். என்னைப் பார்த்துக்கொண்டே விளையாடியவன் அவன் ஒருவன்தான். அவனைப் பற்றி எழுதச் சொல்லி என் மகள் வெகுநாளாகக் கேட்கிறாள். கை வலிக்கிறது. கண்ணும் முன்னைப்போல இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இதுவும் இருக்கும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் இனி யாரும் சொல்லப்போவதில்லை. பந்து உதைத்துச் சம்பளம் வாங்கிய ஆள் எங்கள் கடற்கரையில் எனக்கு முன்னால் கிடையாது. இருந்தால் வந்து சொல்லட்டும். எங்களுடையது வேம்பாரில் உப்பளக் கூலி வேலை பார்த்த குடும்பம். பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் இருக்கிற ஒற்றையடி வரப்பில் ஓடிப் பழகிய கால் என்னுடையது. அந்தக் காலை எந்தத் தடுப்பாட்டக்காரனாலும் பிடிக்க முடியவில்லை. கல்கத்தாவில் பெரிய அணி ஒன்றுக்கு ஃபார்வர்டாக ஆடினேன். பாஷை தெரியாது, சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. மீனும் சோறும் கிடைத்ததால் பிழைத்துக்கொண்டேன். மழைக்காலத்துச் சேற்றில் ஒருநாள் முழங்கால் போனது. அதோடு எல்லாம் போனது. ஊருக்குத் திரும்பி வந்த என்னை, தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற கம்பெனி ஒன்று தன் கால்பந்து அணிக்கு மேனேஜராக வைத்துக்கொண்டது. ஆள் பிடிப்பது, பழக்குவது, யாரை இறக்குவது யாரை உட்காரவைப்பது என்று முடிவு செய்வது, இடைவேளைக்கு எலுமிச்சம்பழம் நறுக்குவது எல்லாமே மேனேஜர் வேலைதான். விளையாடுவதைவிட அது அலுப்பான வேலை. விளையாடும்போது நான் நினைத்ததை என் கால் செய்தது. மேனேஜரான பிறகு, நான் நினைப்பதை அடுத்தவன் கால் செய்ய வேண்டும் என்று காத்துக்கொண்டே வாழ்நாள் கழிந்துவிட்டது.

எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். பூசை முடிந்தால் பந்துதான். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அவனைக் கண்டுபிடித்தேன். ஸ்டாப்பர் இடத்தில், அதாவது கோலுக்கு முன்னால் கடைசித் தடுப்பாக நின்று ஆடிக்கொண்டிருந்தான். சங்கு குளிப்பது அவன் தொழில். முத்துக் குளிப்பு நின்று காலமாகிவிட்டது, அதே கடலில் இப்போது சங்குக்காகத்தான் முங்குகிறார்கள். மூச்சு என்றால் அப்படி ஒரு மூச்சு. எதிராளிகள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்போது இவன் அப்போதுதான் ஆட வந்தவன்போல நிற்பான். பார்த்ததும் கம்பெனி அணிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்த பிறகு ஒரு வம்பு. நான் “இடது பக்கம் போலே” என்று தொண்டை கிழியக் கத்துவேன். அவன் மரம்போல நிற்பான். அந்த வழியாக ஒரு கோல் விழுந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கல்கத்தாவில் ஆடியவன் சொல்கிறேன், சங்கு பொறுக்குகிறவன் கேட்கமாட்டானா என்று வெளியே எடுத்து உட்காரவைத்துவிட்டேன். மறுநாள் அவன் மனைவி மைதானத்துக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, அவுக திமிர்ல திரும்பாம நிக்கல. வலது காது சுத்தமாப் போச்சு. இடதும் பாதிதான். கடலுக்கு அடியில முங்கி முங்கிக் காதுச் சவ்வு கிழிஞ்சு கிடக்கு. நீங்க கத்துத கத்து எங்க வீடு வரைக்கும் கேக்குது. அவுகளுக்குத்தான் கேக்கல.”

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா எடுத்திருப்பீயளா?” என்றாள். எடுத்திருக்கமாட்டேன்தான்.

அப்புறம் விரலால் பேச ஆரம்பித்தோம். எதிரணியில் ஏழாம் நம்பர் சட்டைக்காரனைப் பிடிக்க வேண்டும் என்றால் நான் ஏழு விரல் காட்டுவேன். கையைத் தாழ்த்தினால் பின்வாங்கு, நெஞ்சில் தட்டினால் ஏறு. இதெல்லாம் நானே யோசித்துச் செய்தது, எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கோல் காக்கிற எங்கள் கோலி அவனைக் கேலி செய்வான்: “கொடுத்துவச்ச பய. மேனேஜர்ட்ட வசவு வாங்காம விளையாடுத ஒரே ஆளு நீதான்லே.” அந்தக் கேலியையும் இன்னொருவன் சைகையில் சொன்னால்தான் அவன் சிரிப்பான். அந்த வருஷம் எங்களைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக இந்தப் பக்கத்து அணிகள் ரொம்பச் சிரமப்பட்டன.

அணியில் நன்றாக ஆடுகிறவர்களில் ஒருவனுக்கு நிரந்தர வேலை கொடுப்பது கம்பெனியின் வழக்கம். கேட்டு வாங்கிக் கொடுப்பது நான்தான். அந்த முறை கிரேன் யார்டில் ஒரு இடம் இருந்தது. தூக்குகிற சரக்குக்குக் கீழே நின்று கொக்கி மாட்டுகிற வேலை. ஸ்டாப்பர் பெயரைச் சொன்னேன். மாதச் சம்பளம் வந்தால் அவன் இனி முங்க வேண்டாம், இருக்கிற பாதிக் காதாவது தப்பும். அவன் மனைவி அதற்காக மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். ஒரே தடை, டாக்டர் சோதனை. பின்னால் நின்றுகொண்டு டாக்டர் மெதுவாக ஒரு நம்பர் சொல்வார், திருப்பிச் சொல்ல வேண்டும்.

நம்பர்தானே, என்னிடம் விரல் இருக்கிறதே. கூட வந்த மேனேஜர் என்று சொல்லி அவனுக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். டாக்டர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்து “நாலு” என்றார். என் முழங்கால்மேல் நாலு விரல். அவன் “நாலு” என்றான். அடுத்தது ஏழு. அதையும் சொன்னான். மூன்றாவதாக டாக்டர் “ரெண்டு” என்றார். நான் இரண்டு விரல் நீட்டினேன். அவன் விரலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பிறகு சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“கேக்கல டாக்டர். முன்ன சொன்னதும் குத்துமதிப்புதான்.”

டாக்டர் நிமிர்ந்தார். என் இரண்டு விரலும் இன்னும் முழங்கால்மேல் இருந்தன. மடக்கிக்கொண்டேன். நான் அன்றைக்குச் செய்ததைத் தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஒரு ஆளை மேலே ஏற்றிவிட எனக்குத் தெரிந்த வழி அது.

வெளியே வந்ததும் ரோட்டில் வைத்துக் கத்தினேன். “ஏலே, கிறுக்கா பிடிச்சிருக்கு? வாய்க்கு வந்த சோத்தத் துப்பிட்டு வாரியே!”

அவன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். “அண்ணாச்சி, நேத்து யார்டுக்குள்ள போய்ப் பாத்தேன். பந்து தலையில விழுந்தா ஒரு வீக்கம். அங்கன தலைக்கு மேல தொங்குதது இரும்பு. மேல நிக்கவன் சத்தம் குடுப்பான், கீழ நிக்கவன் ஓடணும், பக்கத்துல நிக்கவனையும் இழுத்துட்டு ஓடணும். எனக்குக் கேக்கும்னு நம்பித்தான ஒருத்தன் கூட நிப்பான்? அங்கன வந்து நீங்க விரல் காட்டுவீயளா?”

என்னைப் பார்த்து அப்படிக் கேட்டுவிட்டானே என்று எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஆபீசுக்குப் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சண்டை போட்டேன். காவல் வேலையாவது கொடுங்கள், தோட்ட வேலையாவது கொடுங்கள் என்றேன். காது கேட்காதவனைச் சேர்க்க வழியில்லை என்றார்கள். அணியிலும் இனிமேல் வேலையில் இருக்கிறவன்தான் ஆடலாம் என்றார்கள். கிரேன் யார்டு வேலை, எங்கள் அணியில் வலது பக்கம் ஆடிய ரைட் ஹாஃபுக்குப் போனது. ஸ்டாப்பர் கடலுக்குப் போனான். அடுத்து வந்த குளிப்பில் இடது காதும் போனது. எத்தனையோ பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். கல்யாண வீட்டில் பார்த்தால் இன்றைக்கும் எழுந்து நிற்பார்கள். அவனுக்குத்தான் முடியவில்லை.

இப்போது அந்த அணி இல்லை. கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், பந்தெல்லாம் அவர்களுக்கு எதற்கு. அணிக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்காரவே சான்றிதழ் கேட்கிற காலம். என் முழங்காலைக் காட்டினால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். வீட்டில் நான் கல்கத்தாவை எடுத்தாலே பேரப்பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார்கள். அதனால் ஞாயிறு பூசை முடிந்து நான் ஸ்டாப்பர் வீட்டுக்குப் போகிறேன். அவன் எழுந்து போகமாட்டான். என் உதட்டைப் பார்ப்பான், கையைப் பார்ப்பான், நடுவில் பிடித்துக்கொள்வான்: “போன வாரம் அந்தக் கோலை இடது கால்ல அடிச்சீய. இன்னைக்கு வலது காலா?” அவன் மனைவி உள்ளேயிருந்து சிரிப்பாள்.

போன ஞாயிறு எனக்கு ஏனோ அலுப்பாக இருந்தது. கல்கத்தா வாயில் வரவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன், ஒவ்வொரு சொல்லாக வாயைத் திறந்து: “ஏலே, அன்னைக்கு அந்த ரெண்டைச் சொல்லியிருந்தா மாசச் சம்பளத்துல இருந்து ரிட்டயர் ஆயிருப்ப. ஒரு காதாவது மிஞ்சியிருக்கும். எப்பவாச்சும் நெனச்சதுண்டா?”

அவன் தேநீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினான்.

“அந்த வேலை ரைட் ஹாஃபுக்குத்தான போச்சு?”

தலையசைத்தேன்.

“கூட நின்னு கொக்கி மாட்டினது ஆரு?”

“ஆறுமுகநேரிக்காரன் ஒருத்தன்.”

“ரெண்டு பேரும் கையும் காலுமா ரிட்டயர் ஆயிட்டானுவளா?”

“ஆயிட்டானுவ.”

“அப்பச் சரி” என்றான். தேநீர் ஆறுகிறது என்று என் முன்னால் இருந்த டம்ளரைக் காட்டினான்.

எனக்குச் சரியில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. வாயைத் திறந்தால் அதைப் படித்துவிடுவான் என்று, தேநீர் தீர்ந்த பிறகும் டம்ளரை உதட்டிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.