ஒரு சொட்டு நிற்கக் கூடாது

பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டு, பையின் வாயில் ஓர் ஊக்கையும் குத்திய பிறகுதான் பாக்கியநாதன் யாரையும் தண்ணீருக்குள் இறங்கவிடுவார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். "சுவிச்ச எவன் வேணா போடுவான் சார். கட்ட என் பையில கீற வரைக்கும் கரண்டும் என் பையிலதான் கீது" என்பார். அதற்குமேல் யாராவது குறுக்கே பேசினால், இறக்கிய மோட்டாரை மறுபடி வண்டியில் ஏற்ற ஆரம்பித்துவிடுவார்.

இப்படிப் பையோடு அவர் வீட்டுக்குப் போய்விட்ட கட்டைகள் பல. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு வந்தபோது, சில்லறைக்காகக் கைவிட்டவர் வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். முந்தின நாள் வேலை பார்த்த மணவாளன் வீட்டில் ராத்திரி முழுக்க விசிறி ஓடவில்லை. "கர்த்தருக்கே கரண்டு குடுக்கப் பாத்தாரு எங்க ஊட்டுக்காரு" என்று அவர் மனைவி மெர்சி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். பாக்கியநாதன் சிரிப்பதில்லை. அவருடைய கூட்டாளி அந்தோணி ஒரு கிணற்றுக்குள் இடுப்பளவு நீரில் நின்று தூர் அள்ளிக்கொண்டிருந்தபோது, குழாயில் தண்ணீர் வரவில்லையே என்று வீட்டுக்குள்ளிருந்து யாரோ மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பாக்கியநாதன். அன்று பிடித்த பயம் அவரை விட்டுப் போகவே இல்லை.

ஆரம்பாக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாதங்கள் எந்நேரமும் ஊறி வெளுத்துப்போய், குதிகாலில் வெடிப்பு ஓடியிருக்கும். தொழில், இறைப்பு. கிணறு, தொட்டி, கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளின் சம்ப் என்று தண்ணீர் தேங்கி நிற்கிற எதையும் காலி பண்ணிக் கொடுப்பார். ஆரணிப் பக்கம் வயல்களுக்கு நடுவே பங்களாக்கள் முளைத்து, பங்களாவுக்கு ஒரு நீச்சல்குளம் என்று ஆனபிறகு அந்த வேலையும் இவரைத் தேடி வந்தது. "நீலக் கல்லு ஒட்டுன கெணறு. வேற இன்னா?" என்று சொல்லிவிட்டு அதையும் எடுத்துக்கொண்டார்.

மோட்டார்கள் இரண்டு. பெரியவன், சின்னவன் என்று பெயர். பெரியவன் மக்கர் பண்ணினால் அடிக்கமாட்டார், பேசுவார். "ஏன்டா பேஜாரு பண்ற? காலைல நாஷ்டா துன்னாம வந்து உன்னாண்ட குந்திகினு கீறேன்" என்று அவர் கெஞ்சுவதைக் கேட்டால், வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு யாரோ மனிதன்தான் அடம்பிடிக்கிறான் என்று தோன்றும். குளத்து வேலை என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே போன் போட்டு, "மருந்து போடுறத நிறுத்திடுங்க சார்" என்று சொல்லிவிடுவார். குளோரினைத்தான் மருந்து என்கிறார். வேலை நாளன்று தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பார். நெடி இருந்தால் மோட்டார் ஓடாது. ஆரம்ப காலத்தில் ஒருமுறை மருந்துத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விட்டு, பக்கத்து வயல் ஜோதிலட்சுமியின் நாற்று வெளுத்துப்போக, அந்த அம்மா கேட்ட கேள்விகளை அவர் இன்னும் மறக்கவில்லை.

இதெல்லாம் பழைய பழக்கங்கள். போன பொங்கலுக்குப் பிறகு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. நீச்சல்குளம் இறைக்கக் கூப்பிட்டால், குளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வீட்டுக் கிணற்றைத் தேடிப் போகிறார். கிணறு இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் கேட்டுப் போய் எட்டிப் பார்க்கிறார். கிணற்றில் தண்ணீர் மேலே நின்றால், "இப்ப வாணாம். பங்குனியில கூப்புடுங்க" என்று சொல்லி மோட்டாரை இறக்காமலேயே திரும்பிவிடுகிறார். குளத்துக்கும் கிணற்றுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. மெர்சியின் வலது காலைப் பார்த்தவர்கள் கேட்பதும் இல்லை.

போன பொங்கல் வரைக்கும் அவர் வாயில் ஓயாமல் வந்த பேச்சு வேறு. "ஒரு சொட்டு நிக்கக் கூடாது." கிணற்று வேலையில் அதுதான் கெட்டிக்காரத்தனம். ஊற்று சுரக்கிற வேகத்தைவிட மோட்டார் வேகமாக இறைக்க வேண்டும்; அடி காய்ந்தால்தான் தூர் எடுக்க முடியும். ஊற்றுக்கண் ரொம்பவும் தொல்லை கொடுத்தால் சாக்குத் துணியைத் திணித்து, மேலே மர ஆப்பை வைத்துச் சுத்தியலால் இறக்கிவிடுவார்கள். வேலை முடிந்ததும் ஆப்பைப் பிடுங்கினால் ஊற்று பழையபடி பொங்கும். இதில் பாக்கியநாதனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அந்தப் பக்கத்தில் பெயர். அந்தப் பெயர்தான் அவரைக் கவிழ்த்தது.

ஆரணிச் சாலையில் சந்திரமோகனுக்கு ஒரு பங்களா இருக்கிறது. நஞ்சை நிலம் வைத்திருக்கும் குடும்பம், வயலுக்கு நடுவிலேயே வீட்டைக் கட்டிப் பின்பக்கம் குளமும் வெட்டியிருந்தார். மகள் பிள்ளைகளோடு பொங்கலுக்கு வருகிறாள். அடைமழையில் குளம் பாசி பிடித்து இலைக்கஷாயம் போல நின்றது. உடனே வா என்று போன். பெரியவனையும் சின்னவனையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் காலையிலேயே போய்விட்டார்கள்.

வயலில் முழங்கால் தண்ணீர் இன்னும் வடியவில்லை. வீட்டோரத்துப் பழைய கிணறு விளிம்புவரை நிறைந்திருந்தது. பாக்கியநாதன் கயிறு வாளி எதுவும் இல்லாமல், குனிந்து ஒரு சொம்பு மொண்டு முகம் கழுவினார். "இன்னா மழ சார், கெணறு கையால மொள்ற அளவு கீது" என்று சந்தோஷமாகச் சொன்னார். சொல்லிவிட்டுப் போய் இரண்டு மோட்டாரையும் ஒன்றாகத் தட்டிவிட்டார்.

மதியத்துக்குள் குளம் அடிதட்டிவிட்டது. வழக்கம்போலக் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டு, ஊக்கைக் குத்தி, மெர்சியை இறங்கச் சொன்னார். ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் மேலே என்பது அவர்கள் சட்டம். இரண்டு பேரும் உள்ளே போனால் கூப்பிட்ட குரலுக்கு வர ஆள் இருக்காது.

"இன்னாங்க, இங்க கீயேர்ந்து தண்ணி வந்துகினே கீது" என்றார் மெர்சி.

ஆழமான பக்கத்தில், தரையோடு தரையாக வலை வைத்த சின்ன மூடி ஒன்று. அதன் வழியே செம்மண் கலங்கலாகத் தண்ணீர் குமிழியிட்டது. மெர்சியை மேலே ஏற்றிவிட்டுப் பாக்கியநாதன் இறங்கிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. "கட்டுன தொட்டியில ஊத்து இன்னாத்துக்கு? ஒயுங்கா பூசாம உட்டுக்கீறானுங்க."

"அது எதுக்குனா வெச்சிருப்பாங்க. உட்டுடேன்."

"கெணத்து ஊத்தையே அடக்குனவன் நானு. இந்தக் கொசுறுக்குப் பயப்படுவனா?" மூடியைக் கழற்றினார். சாக்கைத் திணித்தார். ஆப்பை வைத்து நாலு போடு போட்டார். தண்ணீர் அடங்கிவிட்டது. துண்டால் ஈரத்தை ஒற்றிப் பிழிந்துவிட்டு மேலே ஏறி, மெர்சியை மறுபடி இறக்கிவிட்டு, கரையில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து டீயை எடுத்தார். அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஊரில் அவரைப் போல நிம்மதியான மனிதர் இருந்திருக்கமாட்டார்.

கீழே தேய்த்துக்கொண்டிருந்த மெர்சி நிமிர்ந்தார். "இன்னாங்க, தரைல தேச்சா டம்மு டம்முன்னு சத்தம் கேக்குது. அடியில காலியா கீற மாரி."

"கரண்டு இல்ல. பயப்படாம தேய்" என்றார் பாக்கியநாதன்.

முதலில் டீ கிளாஸ் நகர்ந்தது. கரைக் கல் மேல் வைத்த கிளாஸ், யாரும் தொடாமல், வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது பூமிக்கடியில் எதுவோ முனகியது. அப்புறம் வெடித்தது. உட்கார்ந்திருந்த கல் அவரைத் தூக்கிப் புல்தரையில் எறிந்தது. நீலக் கற்கள் பொரி பொரிகிற மாதிரி தெறித்து மேலே வந்து விழுந்தன. பாக்கியநாதன் எழுந்தார். எழுந்தவர் செய்த முதல் காரியம் சட்டைப் பையைப் பிடித்தது. "கரண்டு இல்ல! கரண்டு இல்ல! கட்ட என்னாண்ட கீது!" என்று அலறினார். யாரிடம் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. உலகத்தில் அவர் அறிந்த ஆபத்து அந்த ஒன்றுதான். அது அவர் பையில் பத்திரமாக இருந்தது.

அதன்பிறகுதான் எதிரே பார்த்தார். குளம் மேலே வந்திருந்தது. தரையோடு தரையாக இருந்த குளத்தின் சுவர், புல்லைக் கிழித்துக்கொண்டு ஒரு முழ உயரத்துக்கு நின்றது. அதன் வெளிப்பக்கத்தில், வெயிலையே பார்த்திராத சிமென்டில் சேறு ஒழுகியது. கட்டி, பூசி, கல் ஒட்டி, மண்ணுக்குள் புதைத்த ஒன்று எழுந்து வருமா? வாய் திறந்தபடி நின்றார். அந்த நேரம் எவ்வளவு என்று இன்றைக்கும் அவரால் சொல்ல முடியவில்லை. மெர்சி இரண்டு தடவை கூப்பிட்டாராம். ஒரு தடவைதான் இவர் காதில் விழுந்தது.

"காலு... காலு மாட்டிக்கிச்சி..."

தரை இரண்டாகப் பிளந்து சாய்ந்திருந்தது. சரிவில் உருண்ட மெர்சி ஆழமான மூலையில் கிடந்தார். இரும்பு ஏணி பெயர்ந்து அவர் கால்மேல் விழுந்திருந்தது. பிளவிலிருந்து கலங்கல் தண்ணீர் பீறிட்டு அடித்தது. அதற்குள் அவர் மார்பளவு ஏறிவிட்டது. ஒருத்தர் மேலே நிற்க வேண்டும் என்ற சட்டமெல்லாம் பறந்தது. பாக்கியநாதன் குதித்தார். ஏணியை நெம்பினார், வரவில்லை. முதுகைக் கொடுத்துத் தள்ளினார். தண்ணீர் மெர்சியின் மோவாயைத் தொட்ட பிறகுதான் ஏணி அசைந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த சந்திரமோகன் கரையில் குப்புறப் படுத்துக் கையைக் கொடுத்து மெர்சியை மேலே இழுத்துக்கொண்டார்.

மரத்தடியில் கட்டிலைப் போட்டுக் கிடத்தினார்கள். வலது பாதம் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. சந்திரமோகன் கோபத்தோடு, குளத்தைக் கட்டிய ஜெரால்டுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்துவிட்டுக் கத்தினார். "யோவ், இன்னாய்யா கட்டி வெச்சிக்கீற? கொளம் பூமிய உட்டு வெளிய வந்துடுச்சிய்யா! ஒரு பொம்பள செத்துப் பொயச்சிக்கீது!"

"சார், சார்... காலி பண்ணீங்களா? இந்த மழையில யார் சார் காலி பண்ணச் சொன்னது?" ஜெரால்டின் குரல் பதறியது. "தண்ணி நெறஞ்சிருந்தாதான் சார் அந்தக் கனத்துல அது குந்தியிருக்கும். பூமியில தண்ணி மேல நிக்கிறப்ப காலி பண்ணா, ஏரில காலி டிரம்ம அமுக்குன மாரி தூக்கிடும். இருந்தாலும் தூக்கக் கூடாதே... அதுக்குத்தான அடியில ஒரு வால்வு வெச்சேன்! வெளிய தண்ணி அமுக்குனா அதுவா தொறந்து தண்ணிய உள்ள உடும். தொட்டி தப்பிச்சிடும். அத்த யாராச்சும் அடச்சீங்களா சார்?"

பாக்கியநாதன் தலையைத் திருப்பினார். எதிரே கிணறு. காலையில் குனிந்து மொண்ட தண்ணீர், அதே இடத்தில், விளிம்போடு விளிம்பாகப் பளபளத்தது. எத்தனை ஊர்க் கிணறுகளில் எந்த மாதம் எவ்வளவு நீர் நிற்கும் என்று வாயாலேயே ஒப்பிப்பவர் அவர். இந்தத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு, பத்தடி தள்ளி, இதே தண்ணீரின் வாயில் ஆப்பு அடித்திருக்கிறார். அதற்கு மேல் மெர்சியைத் துடைப்பத்தோடு நிற்கவைத்திருக்கிறார். அவர் கட்டிலோரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடைக்கிறதாவது! மட்டமா கட்டிப்புட்டு வால்வு கீல்வுன்னு கத உடுறியா?" என்று சந்திரமோகன் சீறினார். "உன் பேர ஜில்லா பூரா நாறடிக்கிறேன் பாரு. இனிமே ஒருத்தன் உன்னக் கூப்புடக் கூடாது." போனைக் கையில் ஏந்தியபடியே பாக்கியநாதன் பக்கம் திரும்பினார். "பாக்கியம், நீ சொல்லு. எத்தினி தொட்டி பாத்தவன் நீ. இவன் கட்டுனது மட்டந்தான? சொல்லு, அவன் காதுல உயட்டும்."

போனில் ஜெரால்ட் மூச்சு வாங்குவது கேட்டது.

சாக்கும் ஆப்பும் கலங்கல் தண்ணீருக்கு அடியில் கிடந்தன. அடைத்ததைப் பார்த்தவர் மெர்சி ஒருவர்தான். வலியில் கண்ணை மூடிக்கிடந்த மெர்சி, கண்ணைத் திறந்தார். பாக்கியநாதன் வாயைத் திறப்பதைப் பார்த்தார். சேறு காயாத தன் உள்ளங்கையை நீட்டி, அந்த வாயைப் பொத்தினார். வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

பாக்கியநாதன் அந்தக் கையை மெல்ல விலக்கினார். "அந்த வால்வ அடச்சது நான்தான் சார்" என்றார். சொல்லி முடிக்கும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை.