நடுத்தாளில் இருந்த பெயர்கள்

சேத்தூர் நூலகத்தில் ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து நாலைந்து பேர் படிப்போம். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் எனக்குத் தலையங்கம் வரும் நடுத்தாள் வேண்டும். அன்று ஒரு பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

“படிக்கியளா, தூங்குதியளா? குடுங்க” என்று கத்தினேன்.

அவர் தாளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். “எனக்கு எழுத்துத் தெரியாது தாயி. நேத்து பட்டாசு ஆலை வெடிச்சதுல செத்தவிய பேரெல்லாம் இதுல இருக்காம், இப்பத்தான் சொன்னாவ. எம் மக முருகேஸ்வரி அங்கனதான் வேலை பாக்கா. போன் போகல. வாசிக்கச் சொல்லப் பயந்துட்டு வச்சிருக்கேன்.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளை வாங்கினேன். மற்றவர்களும் படிப்பதை நிறுத்தினார்கள். நான் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் அவர் மூச்சைப் பிடித்தார். ‘மு’ என்று ஒரு பெயர் தொடங்கியதும் நிறுத்தி, அடுத்த எழுத்தைப் பார்த்தேன். அது முத்துமாரி.

“உங்க மக பேரு இல்ல பெரியப்பா.”

“இன்னொருக்கா பாரு தாயி. வரி எதும் விட்டிருப்ப.”

விரல் வைத்து மறுபடி வாசித்தேன். இல்லை. அவர் மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பே வந்துவிட்டது.

வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. முத்துமாரி என்று வாசித்ததும் ‘அப்பாடா’ என்றுதானே நினைத்தேன்! அவளுக்கும் ஓர் அப்பா இருப்பார். என்னை நினைத்தே எனக்குப் பயமாக இருந்தது.