ஏரியலும் வேலிப் பொட்டும்

புலம்பெயர்ந்து வந்த பிறம்ரனில், ட்ரக் யார்டில், மற்ற ட்ரைவர்மாரோடு நான் கதைக்கிற என் ட்ரக்கின் சிபி ரேடியோ வெறுமனே இரைந்தது. நேற்று ட்ரக்கை ஓட்டிய நேசன் அண்ணையில்தான் எனக்குச் சந்தேகம்.

"நான் தொடவே இல்லைப் பிள்ளை. அன்ரெனாவின்ர அடியைக் கழட்டிப் பார்."

கழற்றினேன். துருவை மறைக்க நானே பூசிய பெயின்ற். வண்டியின் இரும்பில் படவேண்டிய அன்ரெனாவின் அடி படவே இல்லை.

சண்டைக்கால யாழ்ப்பாணத்தில் நேர்மாறு. ஆமியின் கண்ணில் படாமல் உடுப்புக் கொடிபோல அப்பா கட்டிய ஏரியல் கம்பி, இரும்புத் தூணில் படக்கூடாது. இடையில் சைக்கிள் ரியூப் துண்டொன்றைச் சுற்றியிருந்தார். ஒருநாள் ரேடியோ இதேபோல இரைந்தது. அப்பா கொதித்தார்.

"உவன் பக்கத்துவீட்டு மணியம்தான் கை வைச்சவன். நாளைக்கு ஆமிக்கும் சொல்லுவான்."

இரு வீட்டாரும் போய்வந்த வேலிப் பொட்டை அப்பா அன்றே அடைத்தார். சாகும்வரை மணியம் அங்கிளோடு கதைக்கவில்லை.

அந்த ரியூப் துண்டை வெட்டித் தலைமயிர் கட்டியவள் நான். ஒன்பது வயது. வாய் திறக்கவில்லை.

பெயின்றைச் சுரண்டினேன், குரல்கள் வந்தன. நேசன் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மணியம் அங்கிள் இப்போது இங்கே மோர்னிங்சைட்டில் இருக்கிறார். கோயிலில் கண்டால் கேட்பார்: "கொப்பர் ஏன் பிள்ளை அந்தப் பொட்டை அடைச்சவர்?"

"தெரியாது அங்கிள்" என்றுதான் இதுவரை சொல்லியிருக்கிறேன்.